புள்ளி அடக்கிய குரல்

கலவானத் தோட்டத்து லயங்களில், ஒரே வீட்டில் அடுத்தடுத்துச் சாவு விழுந்தால் "சாபம்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நியூசிலாந்தின் ஒரு மாவோரிக் குடும்பத்தைப் பற்றியும் அப்படியே பேசினர். தலைமுறை தலைமுறையாக இளவயதினரையும் இரைப்பைப் புற்றுநோய் கொண்டுபோயிற்று. குடும்பத்தாரே விஞ்ஞானிகளை நாடினர்.

1998இல் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் பரி கில்ஃபர்ட் குழுவினர் காரணம் கண்டனர். கலங்களைப் பிணைத்துக் கட்டுக்குள் வைக்கும் ஈ-கதெரின் மரபணுவின் ஒரு பிரதி, பிறவியிலேயே பழுது. மற்றப் பிரதியும் ஓய்ந்தால் புற்று தலைதூக்கும். பல வேளை அதன் எழுத்து அழிவதில்லை. மெதைல் என்னும் சிறு இரசாயனக் குறி அமர்ந்து வாயடைக்கிறது. ககரத்தின் மேல் புள்ளியிட்டால் அகர ஒலி அடங்குவதுபோலத்தான்.

பிழையைச் சுமப்பதாக அறிந்தவர்கள் நோய் முற்றுமுன் இரைப்பையை அகற்றி உயிர்தப்பினர். சாபமென்றால் ஒப்பாரிதான் மிஞ்சும். ஆகவே வைத்தியரிடம் குடும்பத்துச் சாவுகளையும் மறைக்காமல் சொல்லுங்கள்.