இரட்டை அடைப்புக்குறியின் வரலாறு

சி மொழியில் எழுதப்பட்ட பழைய நூலகம் ஒன்றின் ஹெடர் கோப்பை, அதாவது ஒரு நிரலின் பல பகுதிகளுக்கும் பொதுவான அறிவிப்புகளைத் தொகுத்து வைத்திருக்கும் தலைப்புக் கோப்பைத் திறந்து பார்ப்பவருக்கு, அறிவிப்புகளைக் காட்டிலும் நிபந்தனை வரிகளே முதலில் கண்ணில் படும். இன்ன கம்பைலராயின் இச்சொல்லுக்கு இது பொருள், அன்றேல் வேறு பொருள் என்று அடுக்கிச் செல்லும் அவ்வரிகள் நிரல் இயங்கும்போது எந்த வேலையும் செய்வதில்லை. நிரலைப் பொறிமொழியாக மாற்றும் கம்பைலர்கள் தமக்குள் எங்கெங்கே முரண்பட்டன என்பதன் பதிவாகவே அவை நிற்கின்றன. ஒரு பெயரைக் கண்ட இடமெல்லாம் வேறொரு சொற்றொடரை வைக்கும் மேக்ரோ என்னும் கருவி, அம்முரண்பாடுகளை ஹெடருக்குள்ளேயே தீர்த்து, ஏனைய நிரல் வரிகளை அவை தீண்டாமல் காத்த வரலாற்றை, அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி இடும் ஒரு சிறு எழுத்து வழக்கத்தைக் கொண்டே பெருமளவு விளக்கிவிடலாம்.

மேக்ரோக்களை விரிக்கும் முன்செயலி சி மொழியோடு உடன்பிறந்ததன்று. நியூ ஜெர்சியின் மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி அம்மொழியை உருவாக்கிவந்த 1972–73 அளவில், ஆலன் ஸ்னைடரின் வற்புறுத்தலாலும், பிசிபிஎல், பிஎல்/1 ஆகிய மொழிகளில் ஒரு கோப்பை மற்றொன்றினுள் சேர்க்கும் வசதி பயன் தந்ததைக் கண்டதாலும் அது பின்னர் இணைக்கப்பட்டது. கோப்பைச் சேர்க்கும் இன்க்ளூட், பெயருக்கு ஈடு வைக்கும் டிஃபைன் என்ற இரண்டே கட்டளைகளோடு தொடங்கிய அக்கருவிக்கு, மதிப்பு ஏற்கும் மேக்ரோக்களையும் நிபந்தனைக்கு உட்பட்ட தொகுப்பையும் மைக் லெஸ்கும் அவருக்குப் பின் ஜான் ரைசரும் சேர்த்தனர். அப்போதும் அது மொழியின் உறுப்பாகக் கருதப்படவில்லை; கோப்பின் தொடக்கத்தில் அதற்கென ஓர் அடையாளம் இருந்தாலன்றி முன்செயலி அழைக்கப்படாத நிலை சில ஆண்டுகள் நீடித்தது. இவ்வாறு திண்ணையிலேயே அமர்த்தப்பட்டிருந்த விருந்தாளிதான் பிற்காலத்தில் வீட்டுச் சண்டைகளையெல்லாம் தீர்த்துவைக்கும் பொறுப்பை ஏற்க நேர்ந்தது.

சண்டை மூளுவதற்குக் காரணம், சி மொழி தான் வளர்ந்த பிடிபி-11 கணினியை விட்டு வெளியேறியதே ஆகும். 1970களின் பிற்பகுதியில் இன்டர்டேட்டா 8/32 என்ற கணினிக்கு யூனிக்ஸ் இயங்குதளம் பெயர்க்கப்பட்டது. எளிதில் வேறு கணினிகளுக்கு மாற்றத்தக்க கம்பைலர் ஒன்றை ஸ்டீவ் ஜான்சன் எழுதினார். பிடிபி-11-இல் 16 பிட்டாக இருந்த முழு எண் இன்டர்டேட்டாவில் 32 பிட்டாக மாறியதால், ஒரே நிரலை இரண்டு இடத்திலும் ஓட்ட விரும்பியோர் கணினியைப் பொறுத்து மாறும் செய்திகளை ஹெடர்களில் ஒதுக்கிவைக்கத் தலைப்பட்டனர். தாம் எந்தக் கணினிக்கு, எந்த இயங்குதளத்துக்கு நிரலை ஆக்குகிறோம் என்பதை 'வாக்ஸ்', 'யூனிக்ஸ்' போன்ற முன்வரையறுத்த பெயர்களால் கம்பைலர்களே அறிவித்ததால், இஃப்டெஃப் என்னும் நிபந்தனைக் கட்டளையால் அப்பெயரைச் சோதித்துத் தக்க வரிகளை மட்டும் தேர்ந்துகொள்ள முடிந்தது.

முன்செயலிக்கு எழுதப்பட்ட இலக்கணம் இல்லாத அக்காலத்தில், அதன் தற்செயல் நடத்தைகளும் விதிகளாகப் பயன்பட்டன. ரைசரின் முன்செயலி குறிப்புரைகளைச் சுவடின்றி நீக்கியதால், இரு பெயர்களுக்கு நடுவே வெற்றுக் குறிப்புரை ஒன்றை இட்டால் அவை ஒட்டிக்கொண்டு ஒரே பெயராயின. இத்தந்திரத்தை நம்பிப் பல நிரல்கள் எழுதப்பட்டன. 1983-இல் அமைக்கப்பட்டு, 1989-இல் அமெரிக்கத் தரத்தை நிறைவுசெய்த எக்ஸ்3ஜே11 குழுவோ, குறிப்புரைக்கு ஈடாக ஓர் இடைவெளி நிற்க வேண்டும் என விதித்து, பெயர்களை ஒட்டுவதற்கு இரட்டைக் கட்டக்குறியைத் தனிச் செயற்குறியாக வழங்கியது. பெர்க்லி யூனிக்ஸின் சிடெஃப்ஸ் என்ற ஹெடர், ஒட்டுதலுக்கான ஒரே மேக்ரோவைப் புதிய கம்பைலருக்கு இரட்டைக் கட்டக்குறியாலும் பழையதற்கு வெற்றுக் குறிப்புரையாலும் வரையறுத்து, இரு தலைமுறைகளையும் அருகருகே அமர்த்தியது.

அத்தரம் விளைவித்த பெரும்பிளவு செயற்கூறுகளின் அறிவிப்பைப் பற்றியது. பழைய சி மொழியில் ஒரு செயற்கூறை அறிவிக்கும்போது அது திருப்பித் தரும் மதிப்பின் வகையை மட்டுமே சொல்லி, அடைப்புக்குறியை வெறுமையாக விடுவது வழக்கம். புதிய தரமோ அது ஏற்கும் ஒவ்வொரு மதிப்பின் வகையையும் கூறும் முன்வடிவத்தை அறிமுகப்படுத்தியது. முன்வடிவம் இருந்தால் தவறான அழைப்பைக் கம்பைலரே கண்டுபிடித்துவிடும். ஆனால் அதே வரியைப் பழைய கம்பைலர் பிழையெனத் தள்ளிவிடும். இயங்குதளத்தோடு வரும் ஹெடரோ இரு சாராருக்கும் பயன்பட்டாக வேண்டும்.

பெர்க்லி ஹெடர்களில் இதற்குக் காணப்பட்ட தீர்வு, இரண்டு அடிக்கோடுகளைத் தொடர்ந்து 'பி' என்ற ஒற்றை எழுத்தைக் கொண்ட மேக்ரோ ஆகும். இரண்டு எழுத்துச்சரங்களை ஒப்பிடும் செயற்கூறின் அறிவிப்பில், அதன் பெயரை அடுத்து இம்மேக்ரோவும், அதை அடுத்து இரு மதிப்புகளின் வகைகளும் இரட்டை அடைப்புக்குறிக்குள் வரும். ஒற்றை அடைப்புக்குறி போதாமைக்குக் காரணம், மாறும் எண்ணிக்கையில் மதிப்பேற்கும் மேக்ரோக்கள் 1999-ஆம் ஆண்டுத் தரம் வரும்வரை மொழியில் இல்லாததே: நடுவில் உள்ள காற்புள்ளியைக் கண்டதும் முன்செயலி இரண்டு மதிப்புகள் வந்ததாக எண்ணிக்கொள்ளும். உள்ளே இன்னொரு அடைப்புக்குறி இருந்தால் காற்புள்ளி அதனுள் மறைந்து, பட்டியல் முழுவதும் ஒரே மதிப்பாகக் கருதப்படும். புதிய கம்பைலரில் மேக்ரோ தான் பெற்றதை அப்படியே திருப்பித் தர, உள் அடைப்புக்குறியோடு கூடிய முழு முன்வடிவம் கிடைத்தது. பழையதில் பெற்றதைக் கைவிட்டு வெற்று அடைப்புக்குறியைத் தர, பழைய அறிவிப்பு கிடைத்தது.

இதே தந்திரம் க்னூ நிரல்களில் 'பாரம்ஸ்' என்றும், இசட்லிப் சுருக்க நூலகத்தில் 'ஆஃப்' என்றும் வெவ்வேறு பெயர்களில் வழங்கியது. எந்தக் கம்பைலர் எச்சாரார் என்று அறிவதும் எளிதாக இல்லை. தரத்துக்கு உடன்படும் கம்பைலர் 'எஸ்டிடிசி' என்ற மேக்ரோவை ஒன்று என வரையறுக்க வேண்டும் என்பது விதியாயினும், சன் நிறுவனத்தின் கம்பைலர் தன் இயல்பு நிலையில் அதனைச் சுழியமாக வைத்தது; மைக்ரோசாஃப்ட் கம்பைலரோ தன் கூடுதல் வசதிகளை முடக்கினாலன்றி அதனை வரையறுக்கவே இல்லை. ஆகவே பெயர் இருக்கிறதா என்று கேட்பதும் அதன் மதிப்பு என்ன என்று கேட்பதும் வெவ்வேறு விடைகளைத் தந்தன.

எம்எஸ்-டாஸ் உலகின் சிக்கல் வேறு வகையினது. இன்டெல் 8086 செயலியில் நினைவகம் 64 கிலோபைட் துண்டுகளாக அணுகப்பட்டதால், துண்டுக்குள் மட்டும் சுட்டும் அருகுச் சுட்டி, துண்டையும் சேர்த்துச் சுட்டும் தொலைச் சுட்டி என இருவகை ஏற்பட்டு, 'நியர்', 'ஃபார்' என்னும் புறச்சொற்கள் மொழிக்குள் நுழைந்தன. விண்டோஸ் ஹெடர்கள் இவற்றை நேரடியாக எழுதாமல் பேரெழுத்து மேக்ரோக்களுக்குள் மறைத்திருந்ததால், 32 பிட் விண்டோஸ் வந்தபோது அம்மேக்ரோக்கள் ஒன்றுமில்லாதவையாக விரியும்படி மாற்றியதே போதுமானதாயிற்று. அறிவிப்புகளில் அச்சொற்கள் பொருளிழந்த பின்னும் எஞ்சியிருந்தன.

1987-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட ஜிசிசி கம்பைலரின் வரலாற்றில் இவ்வனுபவத்தின் படிப்பினை தெளிவாகத் தெரிகிறது. கம்பைலருக்குச் சிறப்பு ஆணைகள் இடுவதற்குத் தரம் வகுத்திருந்த 'பிராக்மா' கட்டளையை ஒரு மேக்ரோவின் விரிவாகத் தோற்றுவிக்க அப்போது இயலவில்லை. அதன் விளைவைத் தரம் அவரவர் விருப்பத்துக்கு விட்டிருந்ததை எள்ளி நகையாடும் வகையில், ஜிசிசியின் தொடக்கப் பதிப்புகள் அக்கட்டளையைக் கண்டதும் கணினி விளையாட்டு ஒன்றைத் தொடங்க முயன்றன. அதற்கு மாறாக அக்கம்பைலர் கொணர்ந்த 'அட்ரிபியூட்' என்னும் பண்புக் குறிப்பு இரட்டை அடைப்புக்குறியோடு எழுதப்படுகிறது: அதனை அறியாத கம்பைலருக்காக, ஒரே மதிப்பைப் பெற்று ஒன்றுமில்லாததாக விரியும் மேக்ரோவை அதே பெயரில் வரையறுத்தால், எத்தனை காற்புள்ளிகள் இருந்தாலும் குறிப்பு முழுவதும் மறைந்துவிடும். நிரலாளர்கள் கையாண்ட ஒட்டுப்போடும் உத்தி இங்கே கம்பைலரின் இலக்கணத்திலேயே இடம்பெற்றது.

நிபந்தனை வரிகள் பெருகியபோது அவற்றுக்கு எதிர்ப்பும் எழுந்தது. ஹென்றி ஸ்பென்சரும் ஜெஃப் காலியரும் 1992-இல் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் அளித்த கட்டுரையில், இஃப்டெஃப்களை நிரலெங்கும் தூவுவது தீங்கு என்றும், வேறுபாடுகளைத் தெளிவான இடைமுகங்களுக்குப் பின்னே ஒதுக்க வேண்டும் என்றும் வாதிட்டனர். அதற்கு முந்தைய ஆண்டில் டேவிட் மெக்கன்சி தொடங்கிய ஆட்டோகான்ஃப், கணினியின் பெயரைக் கேட்பதை விடுத்து, வேண்டிய வசதி அதில் உள்ளதா என்பதைச் சிறு நிரல்களால் சோதித்து, முடிவை ஒரு ஹெடரில் மேக்ரோக்களாக எழுதியது. பெயரைக் கேட்பது எவ்வளவு நம்பத்தகாதது என்பதற்கு கிளாங் கம்பைலரே சான்று: ஜிசிசிக்கென எழுதப்பட்ட ஹெடர்கள் தன்னைப் புறக்கணிக்காதிருக்கும் பொருட்டு, அது தன்னை ஜிசிசி 4.2.1 என்றே மேக்ரோக்களால் அறிவித்துக்கொண்டது. அதே கிளாங் வசதிகளை நேரடியாக வினவும் சோதனைகளையும் வழங்கியது. அவற்றுள் ஒரு ஹெடர் கிடைக்கிறதா என்று கேட்கும் 'ஹேஸ் இன்க்ளூட்' சி23 தரத்தில் இடம்பெற்றுள்ளது.

பழைய வடிவிலான செயற்கூறு வரையறையை மொழியிலிருந்தே நீக்கி, அறிவிப்பின் வெற்று அடைப்புக்குறிக்கு 'மதிப்பு எதுவும் இல்லை' என்று பொருள் வரையறுத்ததும் அதே சி23 தரமே. எனவே பெர்க்லி மேக்ரோவின் இரட்டை அடைப்புக்குறி யாருக்காக இடப்பட்டதோ அச்சாரார் இன்று மொழியின் எல்லைக்குள் இல்லை. பண்புக் குறிப்பின் இரட்டை அடைப்புக்குறிக்கு மட்டும் வேலை தீர்ந்துவிடவில்லை; அக்குறிப்பை அறியாத மைக்ரோசாஃப்ட் கம்பைலருக்காக அதனை வெறுமையாக்கும் ஒற்றை வரி இன்றும் ஹெடர்களில் எழுதப்பட்டுவருகிறது.