குறி ஓரிடம், குண்டு ஓரிடம்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் உப்பளங்களை நோக்கிச் செல்லும் சாலையில் பெருமுக்கல் என்ற ஊர் இருக்கிறது. ஊரையொட்டி ஒரு பாறைக் குன்று. அதன்மேல் ஒரு சிவன் கோயில். பழைய கோட்டையின் சிதைவுகள். 1760ஆம் ஆண்டு வந்தவாசிப் போரில் பிரெஞ்சுக்காரர்களை வென்ற ஆங்கிலத் தளபதி அயர் கூட், புதுச்சேரியை நோக்கி முன்னேறும்போது இந்தக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினார்.

அந்த மதிலின்மேல் இன்றைய ரைபிள் ஒன்றுடன் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் 200 மீட்டர் தூரத்திலுள்ள பொருளைத் தாக்கும்படி அது சரிசெய்யப்பட்டிருக்கிறது. கீழே, சரிவின் வழியே அளந்தால் அதே 200 மீட்டரில், ஒரு மண்பானை. எங்கே குறி வைப்பீர்கள்? பானையின் நடுவிலா? குண்டு போகப் போகத் தாழும் என்பதால் சற்று மேலேயா? இரண்டும் தவறு! விடையைக் காணுமுன், குறி பார்ப்பதை அறிவியலாக்கிய ஒருவரைச் சந்திப்போம்.

எறியப்பட்ட பொருள் பரவளையப் பாதையில் செல்லும் என்று கலிலியோ 1638இல் எழுதினார். காற்றைக் கணக்கில் சேர்க்காதவரை அது சரியே. அந்தக் காற்றை அளந்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலக் கணித அறிஞர். அவருடைய பீரங்கி நூல் 1742இல் வெளிவந்தது.

குண்டின் வேகத்தை அவர் எப்படி அளந்தார்? கனமான மரப்பலகையை ஊசலாகத் தொங்கவிட்டு அதன்மேல் சுட்டார். குண்டு பலகையில் பதிந்ததும் ஊசல் பின்னே நகர்ந்தது. குண்டின் உந்தம் முழுவதும் ஊசலுக்கு வந்துவிடுகிறதல்லவா? ஊசல் நகர்ந்த தூரத்தையும் இரண்டின் எடையையும் கொண்டு வேகத்தைக் கணக்கிட்டார். துப்பாக்கிக் குண்டின் வேகம் நொடிக்குச் சுமார் 500 மீட்டர் என்று தெரிந்தது. காற்றே இல்லையென்றால் 45 பாகைக் கோணத்தில் சுட்ட அந்தக் குண்டு 25 கிலோமீட்டர் போக வேண்டும். உண்மையிலோ ஒரு கிலோமீட்டர் அளவிலேயே விழுந்துவிடும். காற்றின் தடை அவ்வளவு பெரிது!

உருண்டைக் குண்டு சுழன்றுகொண்டு பறந்தால் பக்கவாட்டிலும் வளையும் என்பதையும் அவர் காட்டினார். 1747இல், உட்புறம் புரி வெட்டிய குழலின் சிறப்பை எடுத்துரைத்தார்.

இவர் நமக்கு அந்நியரல்லர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிட 1750இல் சோழமண்டலக் கரைக்கு வந்தார். மறு ஆண்டே, 1751 ஜூலை 29 அன்று, கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 44.

இனிப் பெருமுக்கல் பானைக்கு வருவோம். புவியீர்ப்பு நேர் கீழ்நோக்கி இழுக்கிறது. சரிவான பாதையில் அதன் ஒரு பகுதி மட்டுமே குண்டைப் பார்வைக் கோட்டிலிருந்து விலக்கும். சரிவு 30 பாகை என்றால், 200 மீட்டருக்குப் பதில் அதன் கிடைத்தூரமான 173 மீட்டருக்கே கணக்கிட வேண்டும். துப்பாக்கியோ 200 மீட்டர்த் தாழ்வை ஈடுசெய்யச் சரிசெய்யப்பட்டது. ஆகவே குண்டு பானைக்கு மேலே போய்விடும். பானைக்குக் கீழேதான் குறி வைக்க வேண்டும். கீழிருந்து மேலே சுட்டாலும் இதே விதிதான்!

குறி ஓரிடம், குண்டு சேருமிடம் வேறிடம். இந்த உண்மை இன்றைய விளையாட்டரங்கிலும் உயிரோடிருக்கிறது. 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டி 1988 சியோல் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. ஈயக்குண்டின் வேகம் நொடிக்குச் சுமார் 150 மீட்டர். பத்து மீட்டரைக் கடப்பதற்குள் அது ஏறக்குறைய 2 செ.மீ. தாழ்கிறது. பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டமோ 11.5 மி.மீ.தான்! இத்தாழ்வைப் பின்பக்கக் காடியை உயர்த்தி ஈடுசெய்கிறார்கள்.

அப்படியானால் கறுப்பு வட்டத்தின் நடுவையே குறி வைக்கலாமே? பலர் அப்படிச் செய்வதில்லை. கறுப்புக்குக் கீழே, வெள்ளைப் பகுதியில் குறி வைத்து, குண்டு நடுவில் விழும்படி காடியைத் திருத்திக்கொள்கிறார்கள். காரணம் கண்ணில் இருக்கிறது. ஒரு பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, தொலைவிலுள்ள கடிகாரத்தைப் பாருங்கள். பென்சில் மங்கும். பென்சிலைப் பார்த்தால் கடிகாரம் மங்கும். இரண்டும் ஒருசேரத் தெளிவாகத் தெரியா. ஆகவே ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

எதை? கணக்கு சொல்லட்டும். குழல் முனையிலுள்ள குறிமுள்ளுக்கும் பின்காடிக்கும் இடையே சுமார் 33 செ.மீ. தூரம். கை முழுவதும் கோணம் மாறாமல் 1 மி.மீ. நகர்ந்தால், குண்டும் 1 மி.மீ.தான் நகரும். ஆனால் காடியின் நடுவிலிருந்து முள் 1 மி.மீ. விலகினால், குண்டு 30 மி.மீ. விலகும், பத்து ஏழாகிவிடும். ஆகவே தெளிவாகத் தெரிய வேண்டியது முள்தான், இலக்கு மங்கலாம். கறுப்பு முள்ளைக் கறுப்பு வட்டத்தின்மேல் வைத்தால் முள்ளின் விளிம்பு மறைந்துவிடும். வெள்ளையின்மேல் வைத்தால் பளிச்சென்று தெரியும்.

2024 ஜூலை 28, பாரிஸ் ஒலிம்பிக். இந்திய வீராங்கனை மனு பாக்கர் 221.7 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றார். துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. அந்தக் கட்டத்தில் அவருக்கு முன்னே இருந்த கொரிய வீராங்கனையின் புள்ளிகள் 221.8. வேறுபாடு 0.1. இலக்கில் அது 0.8 மி.மீ.; குறிமுள்ளில் அது 0.03 மி.மீ.கூட இல்லை. தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு!

வெல்ல விரும்புபவர் வெற்றியையே உற்றுப் பார்த்தால் முள் மங்கிவிடுகிறது. கைக்கருகில் உள்ளதைச் செம்மையாக வைத்தால், தொலைவில் உள்ளதைக் குண்டு பார்த்துக்கொள்ளும். அடுத்த முறை பெருமுக்கல் குன்றில் ஏறும்போது, அந்தப் பென்சிலையும் எடுத்துச் செல்லுங்களேன்.