மேதையின் கண்

சதுரங்க மேதை என்றால் பத்து இருபது நகர்த்தல்களை முன்கூட்டியே கணக்குப் போடுகிறவன் என்பது நம்மில் பலருடைய அபிப்பிராயம். ஹாலந்து தேசத்து மனோதத்துவ நிபுணர் அத்ரியான் டி குரூட் அதைச் சோதித்தே பார்த்துவிட்டார். அவரும் ஆட்டக்காரர்தாம், 1937-லும் 1939-லும் சதுரங்க ஒலிம்பியாடில் தம் நாட்டுக்காக ஆடியவர்.

அலெகைன், கெரெஸ் போன்ற ஜாம்பவான்களின் முன் ஒரு பலகையை வைத்து, மனத்தில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் செய்தார். அவர்களுக்கு ஒருபடி கீழே உள்ளவர்களையும் அப்படியே கேட்டார். 1946-ல் வெளிவந்த அவருடைய ஆராய்ச்சி நூல் சொன்ன முடிவு வேடிக்கையானது: மேதைகள் குறிப்பிடும்படி அதிக தூரம் கணக்கிடவில்லை. நல்ல நகர்த்தல் முதலிலேயே அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது!

சில விநாடிகளே காட்டி மறைத்த பலகையை, மேதைகள் ஏறக்குறையப் பிசகாமல் திரும்ப அடுக்கினார்கள். அபார ஞாபகசக்தி என்கிறீர்களா? 1973-ல் அமெரிக்காவில் சேஸ், சைமன் என்ற இருவர் காய்களைத் தாறுமாறாக இறைத்துக் காட்டினார்கள். மேதையின் சாமர்த்தியம் அங்கே எடுபடவில்லை. கற்றுக்குட்டியைப்போல அவரும் திணறினார்.

நாம் ஒரு வாக்கியத்தை எழுத்துக் கூட்டியா படிக்கிறோம்? எழுத்துக்களைக் கலைத்துப் போட்டால் நமக்கும் அந்தக் கதிதான்.

பிறவி மேதை என்று கைகூப்பிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பலகையின் முன் அவர் கழித்த ஆண்டுகளை அந்த ஒரு வார்த்தை மூடி மறைத்துவிடுகிறது. பார்வைகூட உழைத்துச் சம்பாதித்த சொத்துத்தான்.