தலைக்கணக்கும் முறைக்கணக்கும்: கற்பிட்டிக் கரையில் ஆங்கில வகுப்பு

மாணவர் தொகையைக் குறைத்தால் மொழிக் கற்றல் உயரும் என்பதை ஆசிரியர் ஓய்வறையில் யாரும் மறுப்பதில்லை. இலங்கையின் கற்பிட்டியிலுள்ள எத்தாளை போன்ற கரையோரக் கிராமத்துக்கு அக்கருத்து அப்படியே பொருந்தாது என்பது என் வாதம். வகுப்பில் எத்தனை பேர் என்பதற்கு முன், ஓர் ஆங்கில ஆசிரியரின் நேரத்தை எத்தனை பேர் பங்கிடுகிறார்கள் என்று எண்ண வேண்டும்.

அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய ஸ்டார் ஆய்வு, 13 முதல் 17 பிள்ளைகள் கொண்ட வகுப்புகளை 22 முதல் 25 பேர் கொண்டவற்றுடன் ஒப்பிட்டது. சிறு வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணிதத்திலும் முந்தினர். இஸ்ரேலியத் தரவுகளை வைத்து பொருளியலாளர்களான ஆங்ரிஸ்ட், லவி இருவரும் 1999இல் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தனர். புதிய தரவுகளுடன் 2019இல் திரும்பிப் பார்த்தபோது அந்த விளைவு அவர்களுக்கே தென்படவில்லை. இவ்வாய்வுகள் அளந்தவை பாடசாலை மொழியில் வாசிப்பும் கணிதமும்தான். தெருவில் கேட்காத மொழியைப் பற்றி அவை பேசவில்லை.

எத்தாளையில் ஆங்கிலம் அத்தகைய மொழி. கடலுக்கும் புத்தளம் களப்புக்கும் இடையே நீளும் கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள இவ்வூரில் வீட்டு மொழி தமிழ். மீன் வியாபாரத்திலும் பஸ்ஸிலும் அரச அலுவலகத்திலும் சிங்களம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. பாடமாகக் கற்பிக்காவிட்டாலும் ஓரளவு ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தையோ அரசியலமைப்பின் 1987இன் 13ஆம் திருத்தம் இணைப்பு மொழியாக்கியது. டொல்பின் பார்க்கவும் காற்றாடிச் சறுக்கலுக்கும் வரும் வெளிநாட்டார் கற்பிட்டியில் அதைப் பேசுகிறார்கள். ஆயினும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது பாடவேளையோடு முடிந்துவிடுகிறது. எனவே வகுப்பின் அளவு சிங்களத்தைவிட ஆங்கிலத்தையே கூடுதலாகப் பாதிக்க வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். 40 பிள்ளைகள், வாரம் 5 பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம் என்று கொள்வோம். ஆசிரியர் முழு நேரத்தையும் பிள்ளைகளுக்கே விட்டாலும் ஒருவருக்கு வாரத்தில் 5 நிமிடமே பேச்சு முறை வரும். வகுப்பை இரண்டாகப் பிரித்து அதே ஆசிரியரிடம், அதே நேரசூசிக்குள் கொடுத்தால், 20 பேருக்கு 100 நிமிடம்: மீண்டும் 5 நிமிடம்தான். ஆசிரியர் கூடாமல் வகுப்பு மட்டும் சிறுத்தால், அமைதி கிடைக்கும், முறை கூடாது. நாடளாவிய மாணவர்–ஆசிரியர் விகிதம் 20க்கும் குறைவு என்பதைக் காட்டி ஆளணி போதுமெனச் சொல்வோர் இதைக் கவனிப்பதில்லை. அந்த விகிதத்துக்குள் சமய ஆசிரியரும் சித்திர ஆசிரியரும் அடக்கம்.

பெருந்தொகைப் பிள்ளைகளைச் சமாளிக்கும் முறையொன்று இக்கரையின் முஸ்லிம் ஊர்களில் முன்பே உண்டு. குர்ஆன் ஓதப் பழகும் ஓதப்பள்ளியில் வயது கலந்த பிள்ளைகள் ஆளுக்கொரு பாடத்தை உரத்து ஓதிக்கொண்டிருக்க, ஒவ்வொருவராக ஆசிரியரான லெப்பையிடம் போய் ஓதிக் காட்டுவார்கள். காத்திருக்கும் நேரமும் பயிற்சியாகிறது; உச்சரிப்புத் தனித்தனியே திருத்தப்படுகிறது. நாற்பது பேருக்கும் இது தாங்கும். ஆனால் அங்கே கற்பது ஓதல், உரையாடல் அல்ல. ஓதலுக்கு எதிரே ஆள் தேவையில்லை. ஆங்கில வாசிப்புக்கும் உச்சரிப்புக்கும் இதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். பேச்சுக்கு இது போதாது.

பேச்சைச் சோடி வேலைக்கு விட்டால் என்ன? பெங்களூரிலும் சென்னையிலும் 1979 முதல் 1984 வரை சாதாரண அளவுள்ள வகுப்புகளில் மொழிக் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு நடத்திய ஆங்கிலக் கற்பித்தல் திட்டம் அதைத் தவிர்த்தது. பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் பிழையையே உறுதிப்படுத்திக்கொள்வார்கள் என்பது அவர் அச்சம். முழு வகுப்புக்கும் ஒரு புதிர், ஒரு வரைபடம், ஒரு ரயில் நேர அட்டவணை. ஆசிரியர் பேச, பிள்ளைகள் விளங்கிக்கொண்டு விடை காண்பார்கள். விளங்கிக்கொள்வதற்குத் தொகை பெரிய தடையல்ல என்பதை இதிலிருந்து ஏற்கிறேன். பேச்சைத் தள்ளிப்போட்டதை ஏற்க முடியவில்லை: எத்தாளையில் அதற்குப் பிந்திய வாய்ப்பு எங்கே?

ஆகவே முதலில் இரண்டாவது ஆங்கில ஆசிரியர், பிறகு வகுப்புப் பிரிப்பு. அதிலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. 1999இல் முதலாம் தரத்திலேயே வாய்மொழி ஆங்கிலம் தொடங்கப்பட்டது; சாதாரண தரப் பரீட்சையோ எழுத்தையே சோதித்து வந்திருக்கிறது. பேசாமலே சித்தியடையலாம் என்றிருக்கும்வரை, 20 பேர் வகுப்பிலும் ஆசிரியர் கடந்தகால வினாத்தாளைத்தான் கரும்பலகையில் எழுதுவார்.