கூத்தருக்கு இட்ட சோறு

வழி கேட்டவர்களுக்கு 583 அடிகளில் பதில் சொன்ன புலவர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். பெருங்கௌசிகனார் என்று பெயர். அந்தப் பதில்தான் பத்துப்பாட்டில் கடைசியாக வரும் மலைபடுகடாம். பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், பசியோடு எதிரே வரும் கூத்தர் கூட்டத்தைச் செங்கண்மாத்து நன்னனிடம் போகச் சொல்கிறான். போகச் சொன்னதோடு விட்டானா? பன்றிக்கு வெட்டிய குழிகள், பாசி படிந்த வழுக்குப் பாறைகள், பாம்புகள், புனம் காப்பவர் எறியும் கவண் கற்கள் என்று ஒவ்வோர் ஆபத்தையும் எடுத்துச் சொல்லி எச்சரிக்கிறான். நம் காலத்து அறிவிப்புப் பலகைகளிடம் இவ்வளவு கரிசனத்தை எதிர்பார்க்க முடியாது.

அதைவிட எனக்குப் பிடித்தது சாப்பாட்டு விஷயம். பகலெல்லாம் நடந்து, மாலையில் மலைச் சிற்றூர் எதில் நுழைந்தாலும், சொந்த வீட்டுக்குள் நுழைவது போல நுழையலாமாம். வீட்டுக்காரர்கள் உறவினரிடம் பேசுவது போலப் பேசி, நெய்யில் வெந்த இறைச்சியோடு தினைச் சோறு போடுவார்களாம். இன்னோர் இடத்தில் பலாக்கொட்டை மாவும் புளியும் மோரும் சேர்த்து மூங்கிலரிசிச் சோறு. மற்றோர் இடத்தில் அவரை விதையும் புளியும் கலந்த கூழ். உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்திராவிட்டால், இந்தச் சமையலறைகளின் வாசனை நமக்கு எட்டியே இராது.

செங்கண்மா என்பது இன்றைய செங்கம். அதற்குத் தெற்கே தென்பெண்ணை. ஆற்றைத் தாண்டினால் கல்வராயன் மலை. அந்த மலையை வடமேற்கே பார்த்துக்கொண்டிருக்கும் ஊர்களில் ஒன்று, சின்னசேலம் வட்டத்து நைனார்பாளையம். என் நண்பர் ஒருவருக்கு அங்கே வீடு. போன ஆனி மாதத்தில் அவரும் நானும் அவசரமில்லாமல் ஒரு நாள் மலைக்குப் போய் வந்தோம்.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, 1965-இல் கட்டி முடித்த கோமுகி அணைக்கரையில் சிறிது நேரம் உட்கார்ந்தோம். பிறகு வெள்ளிமலைக்கு ஏறும் சாலை. பெரியார் நீர்வீழ்ச்சியில் நண்பர் குளித்தார். நான் கரையிலிருந்து அவர் வேட்டிக்குக் காவல் இருந்தேன். திரும்பும்போது சாமை இரண்டு படி, பழம்புளி ஒரு உருண்டை, ஒரு பலாப்பழம் வாங்கினோம்.

மலையில் வாழும் மலையாளி மக்கள் கேரளத்தார் அல்லர். மலையை ஆள்வதால் வந்த பெயர். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட சகோதரர் மூவர் வழி வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களுடைய கதை. தமிழ்தான் பேசுகிறார்கள். ஆனால் மலையை ஆண்டார்களா என்றால், அதுதான் வேதனை. நெடுங்காலம் இந்த மலை ஜாகிர்தார் மூவர் கையில் பங்காக இருந்தது. அவர்கள் வரி வாங்கினார்கள். கூலியில்லாத உழைப்பும் வாங்கினார்கள். சமவெளியில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948-இல். இங்கேயோ 1976-இல்தான் அரசு ஜாகிர்களை எடுத்துக்கொண்டது. நாடு சுதந்தரம் பெற்று 29 வருஷம் ஆன பிறகு! வழிப்போக்கனை உறவாக்கிச் சோறு போட்ட மலையில், தன் புனத்தில் விளைந்த சாமையைத் தனதென்று சொல்ல முடியாதவன் இருந்திருக்கிறான். மலைபடுகடாத்தைப் படித்துவிட்டு மலை வாழ்க்கையே தேனும் தினையும் என்று உருகுகிறவர்கள் இந்த வருஷக் கணக்கையும் நினைவில் வைப்பது நல்லது.

இரவுச் சமையலை நான் ஏற்றுக்கொண்டேன். பெருங்கௌசிகனார் காலத்தில் இல்லாத பண்டம் எதுவும் அடுப்பங்கரைக்குள் வரக்கூடாது என்று நிபந்தனை போட்டேன். நண்பர் முதலில் சம்மதித்தார். தக்காளி இல்லை என்றதும் முகம் மாறியது. மிளகாயும் இல்லை என்றதும் எழுந்தே விட்டார்.

"மிளகாய் இல்லாமல் குழம்பா? தமிழன் சாப்பிடுகிற சாப்பாடாய்யா இது?"

தமிழன் மிளகாயைக் கண்ணால் பார்த்ததே, வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டில் இறங்கிய பிறகுதான் என்றேன். அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. போர்த்துக்கீசியக் கப்பல்களில் வந்தது. மிளகைப் போல் உறைத்ததால் மிளகாய் என்று பெயரிட்டு நம் பிள்ளையாக்கிக்கொண்டோம். தக்காளியும் அந்தத் திசைதான். நைனார்பாளையத்துச் சுற்றுவட்டத்தில் கண்ணுக்கெட்டிய மட்டும் நிற்கும் மக்காச்சோளமும் மரவள்ளியும் அதே கண்டத்துப் பிரஜைகள். இரண்டாம் உலகப்போரில் மலாய் நாட்டு ஜவ்வரிசி வராமல் போனதால் 1940-களில் சேலத்தில் ஜவ்வரிசி ஆலைகள் முளைத்தன. மரவள்ளி இந்தப் பக்கத்துக் கொல்லைகளை நிரப்பியதற்கு அது ஒரு பெரிய காரணம்.

இவ்வளவு சரித்திரம் கேட்டும் அவர் பசி குறையவில்லை.

சாமையைக் கல் அரித்துக் களைந்து, கொதிக்கும் உலையில் போட்டேன். சாமை பொறுமைசாலி அல்ல. நெல்லரிசிக்குப் பாதி நேரத்தில் வெந்துவிடும். தண்ணீர் சுண்டியதும் தணலைத் தள்ளி மூடி வைத்தால் பூப்போல விரியும். பலாக்கொட்டையை வேகவைத்துத் தோலுரித்து இடித்து, புளிக்கரைசலில் கொதிக்கவிட்டு, மிளகும் சீரகமும் அரைத்துப் போட்டேன். இறக்கிய பிறகுதான் மோர். முன்னால் ஊற்றினால் திரிந்துபோகும். மூங்கிலரிசிக்குப் பதில் சாமை. மற்றபடி புலவர் சொன்ன சரக்குதான்.

நண்பரின் தாயார் ஒரு கவளம் உண்டு பார்த்து, "பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்குது தம்பி. ஆனா கொட்டை நல்லா இருக்குது" என்றார். அவர் சிறு பெண்ணாயிருந்தபோது தீபாவளி, பொங்கலுக்குத்தான் வீட்டில் நெல்லுச்சோறாம். மற்ற நாளெல்லாம் கம்பு, வரகு, சாமை. உரலில் குத்திக் குத்திக் கை காய்த்துப் போகுமாம். "இப்ப இதைத்தான் கிலோ இவ்வளவுன்னு கொடுத்து வாங்கறீங்களா?" என்று சிரித்தார்.

பிறகு உள்ளே போய் மோர்மிளகாய் நாலு வறுத்துக்கொண்டு வந்து வைத்தார். நண்பர் மூன்றை எடுத்துக்கொண்டார்.