லீட்ஸ் யுனைடெட்டின் நிதிச் சரிவு (1999–2007)

லீட்ஸ் யுனைடெட் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியைச் சேர்ந்த கால்பந்து கிளப். 1999க்குப் பின் வந்த சில ஆண்டுகளில் அது வருமானத்தை மீறி வீரர்களை வாங்கியது. 2001இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை சென்றது. 2004இல் பிரீமியர் லீகிலிருந்து தரமிறங்கியது. 2007இல் திவால் நிர்வாகத்துக்குள் போய், தன் வரலாற்றில் முதன்முறையாக மூன்றாம் நிலை லீகில் விழுந்தது. எட்டே ஆண்டுகளில் நடந்த இந்த ஏற்றமும் இறக்கமும், அகலக்கால் வைக்கும் எந்தக் கிளப்பைப் பற்றிப் பேசும்போதும் இங்கிலாந்தில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. 'லீட்ஸைப் போல ஆகிவிடாதே' என்பது அங்கே ஒரு சொல்வழக்காகவே நிலைத்துவிட்டது.

லீட்ஸ் தவறான வீரர்களை வாங்கியதால் கெட்டது என்று சொல்பவர்கள் உண்டு. உண்மை அதுவல்ல. வாங்கியவர்களில் பெரும்பாலோர் நல்ல ஆட்டக்காரர்கள், சிலர் மிகச் சிறந்தவர்கள். அடுத்த ஆண்டும் சாம்பியன்ஸ் லீகில் ஆடுவோம், அந்தப் பணம் வரும் என்று எடுத்துக்கொண்டு, வராத வரவை வந்த வரவாகப் பேரேட்டில் எழுதியதில்தான் பிழை இருந்தது.

பின்னணி

1919இல் தொடங்கிய இந்தக் கிளப், டான் ரெவி மேலாளராக இருந்த 1961–74 காலத்தில் இங்கிலாந்தின் முன்னணி அணிகளில் ஒன்றாக உயர்ந்து, 1969, 1974 ஆண்டுகளில் லீக் பட்டம் வென்றது. ஹோவர்ட் வில்கின்சன் காலத்தில், 1992இல், மீண்டும் பட்டம் கிடைத்தது. 1996இல் கிளப் கைமாறி, பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனத்தின் சொத்தானது. சிறுவயது முதலே லீட்ஸ் ரசிகரான பீட்டர் ரிட்ஸ்டேல் 1997இல் தலைவரானார்.

அதே 1997இல் இன்னொன்றும் நடந்தது. தார்ப் ஆர்ச் என்ற இடத்திலிருந்த கிளப்பின் பயிற்சிக்கூடத்தில் வளர்த்தெடுக்கப்பட்ட இளைஞர் அணி எஃப்.ஏ. இளைஞர் கோப்பையை வென்றது. ஹாரி கியூவெல், ஜோனதன் வுட்கேட், பால் ராபின்சன், ஆலன் ஸ்மித் என அந்தப் பயிற்சிக்கூடம் தந்த வரிசை நீளமானது. 1998 அக்டோபரில் மேலாளரான டேவிட் ஓலியரி இந்த இளைஞர்களைத் துணிந்து களமிறக்கினார். முதல் பருவத்தில் நான்காம் இடம், அடுத்ததில் மூன்றாம் இடம். காசு கொடுத்து வாங்காத வீரர்களே இந்த உயர்வுக்கு அடித்தளம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் கிளப் அவர்களையும் இழந்தது.

வாங்கிய காலம்

மூன்றாம் இடம் லீட்ஸை சாம்பியன்ஸ் லீகுக்குள் கொண்டுவந்தது. 2000ஆம் ஆண்டு கோடையில் மார்க் விடூகா, ஒலிவியே டகூர், டொமினிக் மேட்டியோ வந்து சேர்ந்தார்கள். நவம்பரில் வெஸ்ட் ஹாமிலிருந்து ரியோ ஃபெர்டினண்ட் 1.8 கோடி பவுண்டுக்கு வாங்கப்பட்டார். அதுவரை உலகில் எந்தத் தடுப்பாட்டக்காரருக்கும் அவ்வளவு விலை கொடுக்கப்பட்டதில்லை. அப்போது அவருக்கு வயது 22. அடுத்த மாதம் இண்டர் மிலானிலிருந்து ராபி கீன் இரவல் வீரராக வந்தார், பிறகு 1.2 கோடி பவுண்டுக்கு நிலையாகச் சேர்ந்தார்.

களத்தில் இதற்குப் பலன் இருந்தது. மிலான், பார்சிலோனா, ரியல் மாட்ரிட், லாசியோ போன்ற பெயர்களைக் கொண்ட இரண்டு குழுச் சுற்றுகளைத் தாண்டி, காலிறுதியில் டெபோர்ட்டிவோ லா கொருணாவை தன் சொந்த மைதானமான எல்லண்ட் ரோட்டில் 3–0 என்று வீழ்த்தியது லீட்ஸ். அரையிறுதியின் முதல் ஆட்டம் வலென்சியாவுடன் கோலின்றி முடிந்தது. 2001 மே 8 அன்று வலென்சியாவின் மைதானத்தில் 0–3 தோல்வி. அந்த இரவைத் தோல்வி என்று மட்டும் பார்ப்பது நியாயமாகாது. சராசரி வயது குறைந்த ஓர் அணி, ஐரோப்பாவின் கடைசி நான்கில் நின்றிருந்தது.

கிளப்பின் நிதியைப் பொறுத்தவரை அந்தத் தோல்வியைவிடப் பெரிய அடி சில நாட்கள் கழித்து விழுந்தது. லீக் பட்டியல் முடிந்தபோது மூன்றாம் இடத்தில் லிவர்பூல் 69 புள்ளிகள், நான்காம் இடத்தில் லீட்ஸ் 68 புள்ளிகள். சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு முதல் மூன்று அணிகளுக்குத்தான். பருவம் முழுக்க ஆடிய 38 ஆட்டங்களில் ஒரே ஒரு தோல்வி சமனாகியிருந்தால் புள்ளிகள் சமமாகியிருக்கும். ஒரு நிறுவனத்தின் அடுத்த ஆண்டு வருமானம் இவ்வளவு மெல்லிய நூலில் தொங்கும் தொழில் வேறு அதிகமில்லை.

அப்போதே செலவைச் சுருக்கியிருக்கலாம். மாறாக, 2001இல் கிளப் 6 கோடி பவுண்டை 25 ஆண்டுத் தவணையில் கடனாக வாங்கியது. இனிவரும் ஆண்டுகளின் நுழைவுச்சீட்டு வசூலே அதற்கு ஈடு. அதாவது, அன்று பிறக்காத ரசிகர் ஒருநாள் வாங்கப்போகும் சீட்டும் அடகு வைக்கப்பட்டது. வேறு சில வீரர்களுக்கான பணம் குத்தகை போன்ற நிதி ஏற்பாடுகளால் திரட்டப்பட்டது. அந்த ஆண்டு இறுதிக்குள் சேத் ஜான்சனும், 1.1 கோடி பவுண்டு விலையில் ராபி ஃபவுலரும் வந்தார்கள். 2002 புத்தாண்டு நாளில் லீட்ஸ் லீகின் முதலிடத்தில் இருந்தது. கணக்கு சரியாகப் போகிறது என்று நம்பக் காரணம் இருந்த கடைசி நாட்கள் அவை. பருவம் முடிந்தபோது ஐந்தாம் இடம். இரண்டாவது ஆண்டாகவும் சாம்பியன்ஸ் லீக் இல்லை.

பேரேடு எப்படி வேலை செய்கிறது

ஒரு கிளப் வீரரை வாங்கும்போது முழு விலையும் அந்த ஆண்டின் செலவாக எழுதப்படுவதில்லை. இயந்திரத்துக்குத் தேய்மானம் போடுவதுபோல, ஒப்பந்த ஆண்டுகளால் விலையை வகுத்து ஆண்டுதோறும் கழிப்பார்கள். ஃபெர்டினண்டின் 1.8 கோடியை ஐந்தாண்டு ஒப்பந்தமாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 36 லட்சம். கேட்பதற்குச் சிறிய தொகைதான். ஆனால் இப்படி ஏழெட்டு வீரர்களுக்குத் தேய்மானம் சேர்ந்து, அதன்மேல் வாராவாரம் சம்பளமும், கடனுக்கு வட்டியும் ஏறும்போது, செலவுக் கணக்கு கனத்துவிடுகிறது. வீரரை விற்றாலொழிய இந்தச் சுமை இறங்காது.

விற்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சொந்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவருக்குக் கொள்முதல் விலை கிடையாது, அதனால் விற்ற தொகை முழுவதும் லாபமாகப் பதிவாகும். பணமுடை வரும்போது கிளப்புகள் தங்கள் மண்ணில் வளர்ந்த பிள்ளைகளையே முதலில் சந்தைக்கு அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம். பெருந்தொகைக்கு வாங்கியவரின் விலை சரிந்துவிட்டால் விற்றாலும் நட்டம். விற்காவிட்டால் சம்பளம். லீட்ஸ் இரண்டு பக்கமும் அகப்பட்டது.

விற்ற காலம்

2002 ஜூனில் ஓலியரி நீக்கப்பட்டார். அடுத்த மாதம் ஃபெர்டினண்ட் சுமார் 3 கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். லீட்ஸ் ரசிகர்களுக்கு அதைவிடக் கசப்பான முகவரி கிடையாது. கணக்குப்படி அது நல்ல லாபம். கீன் 70 லட்சத்துக்கு டாட்டன்ஹாமுக்குச் சென்றார். 2003 ஜனவரியில் வுட்கேட் நியூகாசிலுக்கும் ஃபவுலர் மான்செஸ்டர் சிட்டிக்கும் போனார்கள். ஃபவுலரின் சம்பளத்தில் ஒரு பகுதியை, அவர் வேறு அணியின் சட்டையில் ஆடிக்கொண்டிருந்தபோதும் லீட்ஸ் கொடுத்துவந்தது. அவசரத்துக்கு விற்பவனிடம் வாங்குபவர் பேரம் பேசத்தானே செய்வார்.

2003 மார்ச்சில் ரிட்ஸ்டேல் பதவி விலகினார். புதிய நிர்வாகம் கணக்குகளைத் திறந்தபோது, அலுவலகத்தில் தங்கமீன்கள் வாடகைக்கு வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. இன்றும் பலருக்கு லீட்ஸ் சரிவு என்றால் அந்த மீன்தொட்டிதான் நினைவுக்கு வருகிறது. இது வருந்தத்தக்கது. மீன்களின் வாடகை ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு. கிளப்பை அமிழ்த்தியது சம்பளமும் வட்டியும். 2002–03 கணக்கில் பதிவான நட்டம் 4.95 கோடி பவுண்டு, அதுவரை எந்த ஆங்கிலக் கிளப்பும் காணாத தொகை. கடன் 8 கோடியை நெருங்கியிருந்தது.

2004 மே 2 அன்று போல்டனிடம் 1–4 என்று தோற்றபோது தரமிறக்கம் உறுதியானது. அடுத்த வாரம் எல்லண்ட் ரோட்டில் சார்ல்டனுடன் 3–3 என்று முடிந்த கடைசி உள்ளூர் ஆட்டத்துக்குப் பிறகு, ரசிகர்கள் களத்துக்குள் இறங்கி ஆலன் ஸ்மித்தைத் தோளில் தூக்கிச் சென்றார்கள். லீட்ஸ் நகரத்தைச் சேர்ந்தவர், கிளப்பின் சொந்தப் பிள்ளை. அதே மாதம் 70 லட்சம் பவுண்டுக்கு அவரும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்கப்பட்டார். பதினாறு வயதில் பிரீமியர் லீகில் கோலடித்த ஜேம்ஸ் மில்னர் நியூகாசிலுக்கு, ராபின்சன் டாட்டன்ஹாமுக்கு, விடூகா மிடில்ஸ்புரோவுக்கு. பிறகு விற்க ஆள் இல்லாதபோது இடம் விற்கப்பட்டது. அந்த இலையுதிர் காலத்தில் தார்ப் ஆர்ச்சும் எல்லண்ட் ரோடும் கைமாறின. ஆண்ட வீட்டிலேயே கிளப் வாடகைக்குக் குடியிருந்தது.

திவால் நிர்வாகமும் கடன்காரர்களும்

2005 ஜனவரியில் கென் பேட்ஸ் கிளப்பை ஏற்றார். 2006இல் பிரீமியர் லீகுக்குத் திரும்புவதற்கான இறுதி ஆட்டத்தில் வாட்ஃபர்டிடம் தோல்வி. 2007 மே 4 அன்று, சுமார் 3.5 கோடி பவுண்டு கடனுடன், கிளப் திவால் நிர்வாகத்துக்குள் சென்றது. பத்துப் புள்ளிகள் பறிக்கப்பட்டன. கடன்காரர்களுக்கு முதலில் முன்வைக்கப்பட்டது ஒரு பவுண்டுக்கு ஒரு பென்னி.

எல்லாக் கடன்காரர்களுக்கும் இந்த விதி இல்லை என்பது இதில் மனத்தை உறுத்தும் பகுதி. இங்கிலாந்துக் கால்பந்தில் வீரர்களின் சம்பளப் பாக்கியும் பிற கிளப்புகளுக்கான டிரான்ஸ்ஃபர் பாக்கியும் முழுமையாகத் தீர்க்கப்பட்டாக வேண்டும். அப்போது வரித்துறைக்கும் உள்ளூரில் கடனுக்குச் சரக்கும் சேவையும் தந்தவர்களுக்கும் எஞ்சியதில்தான் பங்கு கிடைத்தது. போட்டியின் ஒழுங்கு குலையாமலிருக்க இது வேண்டும் என்று லீக் வாதிட்டது. வரித்துறை இந்த விதியை எதிர்த்து வழக்காடி 2012இல் தோற்றது. பலகோடிக்கு ஆடியவருக்கு முழுப்பணம், பொருள் கொடுத்த சிறு வியாபாரிக்குச் சில்லறை என்ற ஏற்பாட்டை எந்த வாதமும் நியாயமாக்கிவிடவில்லை.

கடன்காரர்களுடன் முறையான உடன்பாடு இல்லாமலேயே நிர்வாகத்திலிருந்து வெளியேறியதால், 2007–08 பருவத்தை லீட்ஸ் 15 புள்ளிகள் கழிவுடன் தொடங்கியது. முதல் ஏழு லீக் ஆட்டங்களையும் வென்று அந்தப் பள்ளத்தை ஏறிக் கடந்தது. அந்த மூன்றாம் நிலையிலிருந்து மேலேற 2010 வரை ஆயிற்று.

பின்வந்த விதிகள்

2010 பிப்ரவரியில் போர்ட்ஸ்மத், திவால் நிர்வாகத்துக்குள் சென்ற முதல் பிரீமியர் லீக் கிளப்பானது. இரண்டே ஆண்டுகளுக்கு முன்தான் அது எஃப்.ஏ. கோப்பை வென்றிருந்தது. 2011 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் நிதிநேர்மை விதிகளும், 2013இல் பிரீமியர் லீக் வகுத்த நட்ட வரம்பும் இத்தகைய அனுபவங்களின் பின்னணியில் வந்தவை. அந்தப் பிரீமியர் லீக் விதிப்படி, உரிமையாளர் ஈடுகட்ட முன்வந்தால், மூன்றாண்டுகளில் அதிகபட்சம் 10.5 கோடி பவுண்டு நட்டம் வரலாம் என்றிருந்தது. இதை மீறியதற்காக எவர்ட்டனுக்கு 2023 நவம்பரில் 10 புள்ளிகள் குறைக்கப்பட்டு, மேல்முறையீட்டில் 6 ஆனது. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 2024இல் 4 புள்ளிகள் இழந்தது.

விதிகள் ஆசையை மட்டுப்படுத்துகின்றன என்ற குறை அடிக்கடி எழுகிறது. பணக்காரக் கிளப்புகளின் பெரிய வருமானம் அவற்றுக்குப் பெரிய செலவு உரிமையையும் தருவதால், அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பிரைட்டன் வேறொரு வழியைக் காட்டியது. மோய்செஸ் கைசெடோவைச் சுமார் 40 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, 2023இல் 10 கோடிக்குக் குறையாமல் செல்சீக்கு விற்றது. அங்கும் உரிமையாளரின் வட்டியில்லாக் கடன் பின்னால் நின்றது. அடுத்த பருவத்தின் பட்டியல் இடத்தை நம்பி அந்தக் கடன் வாங்கப்படவில்லை என்பதே பெரிய வேறுபாடு.

மீட்சி

2017இல் எல்லண்ட் ரோடு கிளப் உரிமையாளரின் கைக்கு வந்தது. மார்செலோ பியெல்சாவின் பயிற்சியில், 2020 ஜூலை 17 அன்று பிரீமியர் லீகுக்குத் திரும்புவது உறுதியானது. இடையில் கழிந்தவை 16 ஆண்டுகள். பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளால் அரங்குக்குள் யாருக்கும் அனுமதி இல்லை. அப்படியும் ரசிகர்கள் வீட்டில் இருக்க மாட்டாமல் கிளம்பிவந்து, மூடிக்கிடந்த எல்லண்ட் ரோட்டின் வாசலில் ஆயிரக்கணக்கில் கூடி நின்றார்கள்.