ரொமாரியோ

ரொமாரியோ டி சோசா ஃபரியா 1966 ஜனவரி 29 அன்று ரியோ டி ஜனேரோவில் பிறந்தார். ஜக்கரேசின்யோ சேரியிலும் பிறகு விலா டா பென்யா பகுதியிலும் வளர்ந்தார். உயரம் 1.70 மீட்டரைத் தொடவில்லை. குட்டையன் என்ற பொருளில் 'பைஷின்யோ' என்று ரசிகர்கள் செல்லமாக அழைத்தார்கள். பெனால்டி கட்டத்துக்குள் கோல் அடிப்பதில் அவர் தலைமுறையில் அவருக்கு நிகரானவர் இல்லை.

ஒலாரியா கழகத்தின் சிறுவர் அணியிலிருந்து வாஸ்கோ ட காமாவுக்கு வந்தவர், 1985இல் அதன் முதல் அணியில் ஆடத் தொடங்கினார். 1987, 1988 இரு ஆண்டுகளிலும் ரியோ மாநிலப் பட்டம் வாஸ்கோவுக்கே. 1988 சியோல் ஒலிம்பிக்கில் 7 கோல்களுடன் முதலிடம் பிடித்தார். இறுதியாட்டத்தில் சோவியத் ஒன்றியத்திடம் தோற்ற பிரேசிலுக்கு வெள்ளி கிடைத்தது. அதே ஆண்டு நெதர்லாந்தின் பிஎஸ்வி ஐந்தோவன் அவரை வாங்கியது. ஐந்து பருவங்களில் மூன்று லீக் பட்டங்கள், ஏறக்குறைய ஆட்டத்துக்கு ஒரு கோல். ஊர் ஏக்கமும் பயிற்சியில் நாட்டமின்மையும் மட்டும் கடைசிவரை மாறவில்லை.

1989இல் மரக்கானா அரங்கில் உருகுவேக்கு எதிராக அவர் தலையால் முட்டிய கோல் பிரேசிலுக்குக் கோப்பா அமெரிக்காவை வென்று தந்தது. 1990 உலகக் கோப்பையின் பெரும்பகுதியைக் காயம் பறித்துக்கொண்டது. 1992ஆம் ஆண்டின் கடைசியில் ஜெர்மனிக்கு எதிரான ஆட்டத்தில் வெளியே உட்கார வைக்கப்பட்டதும், இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று பொங்கினார். பயிற்சியாளர் பரேய்ரா அவரை ஒதுக்கிவிட்டார். தகுதிச் சுற்றில் அணி தடுமாறிய பிறகே, 1993 செப்டம்பரில், உருகுவேக்கு எதிரான கடைசி ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது. 2-0 வெற்றி, இரண்டும் அவர் கோல்கள்.

அந்தப் பருவத்தில்தான் யோஹன் குரைஃப் பயிற்றுவித்த பார்சிலோனாவில் சேர்ந்திருந்தார். 33 லீக் ஆட்டங்களில் 30 கோல்கள். 1994 ஜனவரி 8 அன்று ரியல் மாட்ரிட்டை 5-0 என்று சாய்த்த ஆட்டத்தில் மூன்று அவருடையவை. அவற்றில் முதல் கோல் தனியே சொல்லத் தகுந்தது. கோலுக்கு முதுகு காட்டி பந்தை வாங்கினார். வலது காலிலிருந்து பந்தைப் பிரியவிடாமல் அரைவட்டமாக இழுத்துத் திரும்பினார். தடுப்பாட்டக்காரர் அல்கோர்த்தா பின்தங்கி நின்றார். அடுத்த தொடுதலில் பந்து வலைக்குள். நுனிக்காலால் இப்படித் தட்டிவிடுவது அவருக்கே உரிய ஆயுதம். காலை ஓங்க வேண்டியதில்லை என்பதால், பந்து எப்போது வருமென்று கோல்கீப்பரால் கணிக்க முடியாது.

1994 உலகக் கோப்பைக்குச் சற்று முன் அவருடைய தந்தை கடத்தப்பட்டு மீட்கப்பட்டார். அமெரிக்காவில் ரொமாரியோ 5 கோல்கள் அடித்தார். அரையிறுதியில் தம்மைவிட நெடிய ஸ்வீடன் வீரர்களுக்கு நடுவே எழும்பித் தலையால் முட்டியதே அந்த ஆட்டத்தின் ஒரே கோல். இத்தாலியைப் பெனால்டியில் வென்று பிரேசில் 24 ஆண்டுகளுக்குப் பின் கோப்பையை ஏந்தியது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும், ஃபிஃபாவின் அவ்வாண்டு உலகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

ஐரோப்பாவுக்குப் போனவர்கள் கால் தளர்ந்த பிறகு ஊர் திரும்புவதே வழக்கம். ரொமாரியோவோ 1995 ஜனவரியில், புகழின் உச்சியில் இருந்தபோதே ஃபிளமெங்கோவுக்கு வந்துவிட்டார். கழகத்தின் நூற்றாண்டான அந்த வருடம் மாநிலப் பட்டம் ஃபுளுமினென்சேயிடம் பறிபோனது, 1996இல் கைகூடியது. இடையே வலென்சியாவுக்குப் போய் வந்தது சோபிக்கவில்லை. காயத்தைக் காட்டி 1998 உலகக் கோப்பை அணியிலிருந்து நீக்கப்பட்டார். 2002இல் பயிற்சியாளர் ஸ்கொலாரி அவரைச் சேர்க்கவே இல்லை. அந்த இரண்டாவது முடிவு, பிரேசில் கோப்பையை வென்றிருந்தாலும், அவருடைய அப்போதைய ஆட்டத்துக்கு நியாயம் செய்யவில்லை.

அதற்குச் சான்று 2000 டிசம்பர் 20. மெர்கோசூர் கோப்பை இறுதியில் பால்மெய்ராஸ் தன் சொந்த அரங்கில் இடைவேளையின்போது 3-0 முன்னிலையில் இருந்தது. மீண்டும் வாஸ்கோவில் ஆடிய ரொமாரியோ இரண்டு பெனால்டிகளைக் கோலாக்கினார். வாஸ்கோ பத்துப் பேராகக் குறைந்த பிறகு ஜூனின்யோ பவுலிஸ்டா சமன்செய்தார். ஆட்ட நேரத்தின் முடிவில் சேர்த்த நிமிடங்களில் ரொமாரியோ தம் மூன்றாவதை அடிக்க, 4-3. பிறகு 2005இல், 39 வயதில், 22 கோல்களோடு பிரேசில் லீக்கில் முதலிடம் பிடித்தார்.

கத்தார், மயாமி, அடிலெய்ட் ஆகிய இடங்களில் ஆடியவை குறுகிய பயணங்களே. 2007 மே 20 அன்று ஸ்போர்ட் ரெசிஃபே அணிக்கு எதிராகப் பெனால்டியில் ஆயிரமாவது கோலை அடித்தார். இது அவரே வைத்திருந்த கணக்கு. இளையோர் ஆட்டங்களும் நட்பு ஆட்டங்களும் அதில் அடக்கம். அவற்றைக் கழித்தாலும் எழுநூறைத் தாண்டும். பிரேசிலுக்காக மட்டும் 70 ஆட்டங்களில் 55.

2008இல் ஓய்வை அறிவித்தவர், மறைந்த தந்தையின் விருப்பத்துக்காக 2009இல் அந்தத் தந்தைக்குப் பிடித்த, ரியோவின் அமெரிக்கா கழகத்துக்கு ஒரே ஒரு ஆட்டம் ஆடினார். 2010இல் நாடாளுமன்றக் கீழவைக்கும் 2014இல் செனட்டுக்கும் தேர்வானார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காகக் குரல் கொடுத்த அவர், பிரேசில் கால்பந்து நிர்வாகத்தின் முறைகேடுகளை ஆராய 2015இல் அமைந்த செனட் விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார்.